இரத்தினவேலின் யூக்கலிப்ரஸ்

இரத்தினவேலுக்கும் அவருடைய மனைவியின் தமையன் சச்சிதானந்தனுக்கும் இடையில் பகை என்று எதுவும் கிடையாது. பகையென்றால் பேசாமல் இருந்துவிடலாம். இவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே மேசையில் இருந்து, ஒரே சட்டிக் கறியைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டு பேச வேண்டியிருந்தது. பேச்சில் வெல்பவர் எப்போதும் சச்சிதானந்தன்தான்.

சச்சிதானந்தன் கனடாவில், மில்லிக்கன் என்ற இடத்தில் புது வீடு வாங்கியிருந்தார். அந்த வீட்டின் முன்கூடம் மாடி ஏதும் குறுக்கிடாமல் கூரை வரைக்கும் ஒரே எழும்பலாக எழும்பியிருந்தது. வீடு பார்க்க வருகிறவர்களைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, "மேல பாருங்கோ" என்பார். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, பிடரியைத் தடவிக்கொண்டு "நல்ல உயரம்" என்று சொல்லும் வரைக்கும் தேத்தண்ணி வராது.

இரத்தினவேல் டோர்செட் பார்க்கில் ஒரு அப்பாட்மென்றின் ஒன்பதாம் மாடியில் இருந்தார். கையை உயர்த்தினால் சீலிங்கைத் தொடலாம். "நிலமும் இல்லை, கூரையும் இல்லை. நடுவில தொங்கிக்கொண்டிருக்கிறீர்" என்று சச்சிதானந்தன் ஒருநாள் சொன்னார். அதற்குச் சரியான பதில் இரத்தினவேலுக்கு வீடு திரும்பும்போது பஸ்ஸில்தான் வந்தது. அவருக்குப் பதில்கள் எப்போதும் பஸ்ஸில்தான் வரும்.

இந்த நிலைமையில்தான், தொண்ணூற்றாறாம் ஆண்டு வசந்தத்தில், மாகிரற் அவருக்கு ஒரு செடியைக் கொடுத்தாள். மாகிரற் அவர் வேலை செய்த தொழிற்சாலையின் அலுவலகத்தில் இருந்தவள். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டஸ்மேனியாத் தீவில் பிறந்தவள். ஓய்வு பெற்று வன்கூவரில் இருக்கும் மகளிடம் போகுமுன், தன் பூச்சட்டிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். இரத்தினவேலின் முறை வந்தபோது மிஞ்சியிருந்தது ஒரு சாண் உயரச் செடி. வெள்ளி பூசியதுபோல் சாம்பல் நிற இலைகள். இரண்டிரண்டு இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இலையாகி, அதன் நடுவைத் துளைத்துக்கொண்டு தண்டு மேலே போயிருந்தது.

"இது றிஸ்டன் பெப்பர்மின்ற். யூக்கலிப்ரஸில் ஒரு வகை" என்றாள் மாகிரற். "என் ஊர் ஹோபாட்டுக்குப் பக்கத்தில் சில குன்றுகளில் மட்டும்தான் இது இயற்கையாக வளரும்."

"வேறெங்கும் இல்லையா?"

"வேறெங்கும் இல்லை."

இரத்தினவேல் இன்னொரு தடவையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அவர் செடி கொடிகளில் நாட்டமுள்ளவர் அல்லர். வீட்டில் நின்ற ஒரே ஒரு மணிப்பிளான்ரும் அவர் கண்முன்னாலேயே பட்டுப்போயிருந்தது. ஆனால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பொருள் தன் கையில் இருக்கிறது, அது சச்சிதானந்தனிடம் இல்லை என்ற எண்ணம், வீடு வந்து சேரும்வரை அவரை உட்காரவிடவில்லை. இடம் கிடைத்தும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்.

அவருடைய மனைவி இராஜேஸ்வரி செடியைப் பார்த்தாள். "உதுக்கு ஆர் தண்ணி ஊத்துறது?"

"நான்."

"அப்ப சரி" என்றாள், அது நெடுநாள் இராது என்ற நம்பிக்கையில்.

மகள் கஜனி வாட்டர்லூவில் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்ததால் அவளுடைய அறை வெறுமையாகக் கிடந்தது. தெற்குப் பார்த்த பெரிய ஜன்னல். செடியை அங்கே வைத்தார். கோடை முழுக்க வெயில், பிறகு ஹீற்றர் சூடு. தான் இருக்கும் இடம் ஹோபாட் இல்லை என்பது அந்தச் செடிக்குத் தெரியவில்லை போலும். மளமளவென்று வளர்ந்தது. சட்டி மாறிற்று, பிறகு வாளியாயிற்று, பிறகு நீல நிறப் பெரிய பிளாஸ்ரிக் பீப்பாய் ஆயிற்று. அடுத்த ஆண்டு கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வந்த கஜனி அறைக் கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அப்பா, தெயர்ஸ் எ ட்ரீ இன் மை ரூம்."

"ஓம் பிள்ளை. நீ கொஞ்ச நாளைக்கு செற்றியில படு."

"பட் இட்ஸ் ஒன் மை பெட்!"

கட்டிலின் மேல் சாய்ந்திருந்த கிளையை இரத்தினவேல் மெல்ல விலக்கிக் காட்டினார். படுக்கலாம், காலை மட்டும் மடக்க வேண்டும். கஜனி செற்றியில் படுத்தாள்.

மரம் ஓரளவு நிமிர்ந்ததும் சச்சிதானந்தனை அழைத்துக் காட்டினார் இரத்தினவேல். சச்சிதானந்தன் ஊரில், மலைநாட்டுப் பண்டாரவளையில் சில வருடம் உத்தியோகம் பார்த்தவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தார். கட்டில் இடித்ததால் அரைச் சுற்றுத்தான் வர முடிந்தது.

"உது யூக்கலிப்ரஸ் இல்லை" என்றார்.

"மாகிரற் சொன்னவ, மச்சான்."

"ஆரும் சொல்லலாம். பண்டாரவளையில நான் பாக்காத யூக்கலிப்ரஸே? இலை இவ்வளவு நீளம், அரிவாள் மாதிரி இருக்கும். உதென்ன, சில்லறைக்காசைக் கோத்துவிட்ட மாதிரி?"

"இது வேற இனம். உலகத்திலேயே—"

"வேற இனமெண்டா வேற மரம். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, "தண்ணியை எதுக்கும் அளவா ஊத்தும். கீழ ஆக்கள் இருக்கினம்" என்றும் சேர்த்துச் சொன்னார். இரத்தினவேலுக்குப் பதில் வரவில்லை. தன் வீட்டிலேயே நின்றதால் பஸ்ஸும் இல்லை.

தை மாதத்தில் இலைகள் குறையத் தொடங்கின.

முதலில் அடிக்கிளைகளில் இரண்டு மூன்று. பிறகு ஒரு கிளையே மொட்டை. ஆனால் தரையில் ஒரு இலையும் விழுந்து கிடக்கவில்லை. இரத்தினவேல் கட்டிலுக்குக் கீழே ரோர்ச் அடித்துப் பார்த்தார். நூலகத்துக்குப் போய் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். அதில் பூச்சி, பூஞ்சணம், வேர் அழுகல் எல்லாம் இருந்தன. இலை காற்றில் கரைந்துபோகிற நோய் இல்லை. ஜன்னல் இடுக்குக் குளிராக இருக்கும் என்று இராஜேஸ்வரியின் தடித்த போர்வையை ஜன்னலில் ஆணியடித்தார். காற்று காய்ந்துபோயிருக்கிறது என்று ஈரப்பதன் போடும் இயந்திரம் வாங்கி வைத்தார். கடைசியில் தண்ணீரைக் கூட்டினார். காலையும் மாலையும் ஊற்றினார்.

எதிர்வீட்டு நீக்கிலாஸ் வந்து பார்த்துவிட்டு, "அண்ணை, கிரிக்கெற் உலகக் கிண்ணத்தில நாங்கள் ஆஸ்திரேலியாவுக்கு அடிச்ச கசெற்றை நீங்கள் சத்தமாப் போட்டுப் பாத்தனீங்கள். அது கேட்டிருக்கும்" என்றான். அவன் பகிடிக்குத்தான் சொன்னான். ஆனால் அடுத்த நாள் அந்தக் கசெற் ரீவிக்குப் பக்கத்தில் இருக்கவில்லை.

"எப்பவும் உந்த அறைக்குள்ளேயே நிக்கிறியள். சாப்பிட வாங்கோவன்" என்றாள் இராஜேஸ்வரி.

"அதுக்கு உடம்பு சரியில்லை, இராசு."

இராஜேஸ்வரி ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போவது வழக்கமில்லை. அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை பால் வாங்கப் போவதற்காக எலிவேற்றரில் ஏறினார். உள்ளே ஆறாம் மாடி ஜமேக்காப் பெண்மணி ஒருத்தி, கம்பளித் தொப்பி போட்ட குஜராத்திக் கிழவர் ஒருவர், நீக்கிலாஸின் மனைவி அன்ரனெற், இன்னும் இரண்டு பேர். கதவு மூடியதும் இரத்தினவேலின் மூக்கில் ஒரு வாசம் ஏறிற்று. அவருக்குப் பழகிய வாசம். பெப்பர்மின்ற் முட்டாசும் தைலமும் கலந்தது. தன் சட்டையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துச் சட்டையை முகர்ந்தார். இல்லை. மெல்லக் குஜராத்திக் கிழவர் பக்கம் சாய்ந்தார். அவரில் இருந்து வந்தது. ஜமேக்காப் பெண்மணியிலும் வந்தது. எலிவேற்றர் முழுக்க அவருடைய மரம் நின்றது.

"சேர்" என்றாள் ஜமேக்காப் பெண்மணி, ஆங்கிலத்தில், "உங்கள் மரத்தை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். ஒரு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நான் மூக்கால் மூச்சு விட்டேன்."

அன்ரனெற் எலிவேற்றரின் மாடி எண்களைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

பால் வாங்காமலே திரும்பி வந்தார் இரத்தினவேல். இராஜேஸ்வரி அடுப்படியில் நின்றாள்.

"என்ர மரத்தின்ர இலை எங்க?"

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். மறைக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை. "குடுத்தனான். முதல்ல அன்ரனெற்றுக்கு. சளியில கிடந்து செத்துப்போனாள். இலையைக் கொதிக்கவைச்சு ஆவி பிடிக்கச் சொன்னன், சுகம் வந்திட்டுது. அவள் ஆறாம் மாடிக்குச் சொல்லியிருக்கிறாள்."

"உலகத்தில வேறெங்கையும் இல்லாத மரம், இராசு!"

"அதுதானே எங்களிட்ட வருகினம். வேறெங்கையும் இருந்தா அங்க போயிருப்பினமே?"

"என்னட்டக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா குடுத்திருப்பியளோ?"

இரத்தினவேல் நேர்மையாக யோசித்தார். "ஒரு இலை குடுத்திருப்பன்."

"ஒரு இலையில ஆருக்கப்பா ஆவி வரும்?"

அவர் அறைக்குள் போய்க் கட்டிலில் குந்தினார். கோபம் நெடுநேரம் நிற்கவில்லை. மரத்துக்கு நோயில்லை என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. பின்னேரம் குஜராத்திக் கிழவர் கதவைத் தட்டியபோது அவரே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய், எந்தக் கிளைக்கு வலிக்காது என்று பார்த்து, சில இலைகளை வெட்டிக் கொடுத்தார். ஹோபாட்டைப் பற்றியும் சொன்னார். கிழவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக விளங்காது. ஆனாலும் கையைக் கூப்பினார். தன் பேச்சை ஒருவர் குறுக்கிடாமல் முழுவதும் கேட்டது இரத்தினவேலுக்குப் புது அனுபவமாக இருந்தது.

அந்தச் சந்தோசம் செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான். அன்று கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற சுப்பிரின்ரென்டன் கோரான் வந்தான். நோயாளி மரத்துக்கு இரத்தினவேல் ஊற்றிய தண்ணீர் எல்லாம் கார்ப்பெற்றுக்குள் இறங்கி, எட்டாம் மாடிக்காரரின் சீலிங்கில் ஆளுயரக் கறையாக வந்திருந்தது. கோரான் அறைக்குள் எட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"நாய் என்றால் எனக்குச் சட்டம் தெரியும். பூனைக்கும் தெரியும். ஒரு தடவை குளியல் தொட்டிக்குள் வாத்து இருந்தது, அதையும் சமாளித்தேன்" என்றான். "இது சனிக்கிழமைக்குள் போக வேண்டும்."

"உச்சியை வெட்டிச் சின்னனாக்கி வைப்பம்" என்றாள் இராஜேஸ்வரி.

"அந்தக் குன்றில நிக்க வேண்டிய மரத்தை இந்தக் கென்னடி றோட்டில வைச்சு வெட்டச் சொல்லுறியோ? தண்ணி ஊத்தினது நான். தண்டனை அதுக்கோ?"

"அப்ப அண்ணையைக் கேளுங்கோ. அங்க கூடம் கூரை வரைக்கும் உயரமாக் கிடக்கு. கண்ணாடி ஜன்னலும் இருக்கு."

இரண்டு நாள் இரத்தினவேல் அந்தப் பெயரைக் காதில் விழாததுபோல் இருந்தார். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் கென்னடி பஸ்ஸில் ஏறி மில்லிக்கனுக்குப் போனார். என்ன சொல்வது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தார். 'மச்சான், உங்கட வீட்டுக் கூடத்துக்கு ஒரு அழகு வரும்' என்று தொடங்கலாம். அல்லது நேராகக் கேட்டுவிடலாம். எப்படித் தொடங்கினாலும் சச்சிதானந்தன் 'எந்த மரம்? அந்த யூக்கலிப்ரஸ் இல்லாத மரமோ?' என்று கேட்பார். அதற்குப் பதில் இந்த முறை பஸ்ஸிலும் வரவில்லை.

சச்சிதானந்தனின் மனைவி துர்க்கா கதவைத் திறந்தாள். அவரைக் கண்டதும் அவள் முகம் மாறிற்று. "வாங்கோ... அவர் கொஞ்சம்... நீங்கள் இஞ்சயே இருங்கோவன்" என்றாள்.

இரத்தினவேல் இருக்கவில்லை. அந்த உயரமான கூடம் முழுக்க ஒரு வாசம் நிறைந்திருந்தது. அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டே குசினி வாசலுக்குப் போனார். மேசையில் ஒரு பெரிய சட்டி. அதன் முன்னால் ஒரு கதிரை. கதிரையில் பெனியனோடு ஒரு உருவம், தலையிலிருந்து சட்டி வரைக்கும் பூப்போட்ட பெரிய துவாயால் மூடிக்கொண்டு இருந்தது. துவாயின் ஓரங்களால் ஆவி கசிந்தது.

"ஆரது?" என்றது துவாய்.

"நான்தான், மச்சான்."

துவாய் அசையவில்லை. உள்ளே மூச்சும் நின்றுவிட்டது.

"என்ன இலை போட்டு ஆவி பிடிக்கிறியள்?"

"நொச்சி."

"கனடாவில நொச்சியோ?"

"ஊரில இருந்து வந்தது. காய்ஞ்ச நொச்சி."

இரத்தினவேல் குனிந்து துவாயின் ஓரத்தை இலேசாகத் தூக்கிப் பார்த்தார். கொதிநீரில் சோடி சோடியாக ஒட்டிய வெள்ளி இலைகள் மிதந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை.

"நொச்சிக்கு நடுவில ஓட்டை இருக்கோ, மச்சான்?"

"ஆவி பிடிக்கேக்க கதைக்கக் கூடாது" என்றார் சச்சிதானந்தன். "குளிர் உள்ள போயிடும்."

இரத்தினவேல் எதிர்க் கதிரையில் அமர்ந்து காத்திருந்தார். அவருக்கு அவசரமில்லை. அவருடைய வாழ்க்கையில் முதல்முறையாகப் பதில்கள் வரிசையாக வந்து நின்றன. பண்டாரவளையைப் பற்றி ஒன்று, அரிவாளைப் பற்றி ஒன்று, சில்லறைக்காசைப் பற்றி ஒன்று. எதை முதலில் எடுப்பது என்பதுதான் பிரச்சினை.

கடைசியில் ஆவி அடங்கித் துவாய் விலகிற்று. சச்சிதானந்தனின் முகம் அவித்த இறால்போல் சிவந்திருந்தது. இருந்த கொஞ்ச மயிரும் நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. மூக்கால் நீளமாக ஒரு மூச்சை இழுத்து, அது தடையில்லாமல் போய் வருவதைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"கிறிஸ்மஸில இருந்து எனக்குப் படுத்தா மூச்சு வராது, இரத்தினம்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "கதிரையில இருந்துதான் நித்திரை. டொக்டர் தந்த ஒண்டும் கேக்கேல்லை. பயந்துபோனன். இராசுதான் ஒரு பையில போட்டுத் தந்தவள். போன கிழமைதான் கட்டிலில படுத்தனான்."

வரிசையில் நின்ற பதில்கள் ஒவ்வொன்றாகக் கலைந்துபோயின. இரத்தினவேல் துவாயை எடுத்து மச்சானின் தோளில் போட்டுவிட்டார். "காத்துப் படப்போகுது, போர்த்துக்கொள்ளுங்கோ" என்றார். பிறகு கோரானையும் சீலிங் கறையையும் பற்றிச் சொன்னார். எதையும் கேட்கவில்லை, நடந்ததை மட்டும் சொன்னார்.

சச்சிதானந்தன் எழும்பிக் கூடத்துக்கு நடந்தார். துவாயோடு நடுவில் போய் நின்று, "மேல பாரும்" என்றார்.

இரத்தினவேல் பார்த்தார்.

"மரத்துக்கு உயரம் காணுமோ?"

"காணும், மச்சான்."

"பேந்தென்ன. கொண்டாரும்."

சனிக்கிழமை காலை மைனஸ் இருபது. நீக்கிலாஸ் தன் வான் வண்டியைத் தருவதாகச் சொல்லியிருந்தான். மரத்துக்குக் கஜனியின் ஸ்லீப்பிங் பாக்கைச் சுற்றி, அதற்கு மேல் இரத்தினவேலின் பழைய வின்ரர் ஜக்கற்றைப் போட்டு சிப்பை இழுத்து, உச்சியில் ஒரு கம்பளித் தொப்பியையும் மாட்டிவிட்டாள் இராஜேஸ்வரி. தொப்பி அவளுடைய சொந்த யோசனை. கீழே வந்த பிறகுதான் வானின் பற்றரி செத்துக்கிடப்பது தெரிந்தது. டாக்ஸிக்காரன் ஒருவன் வந்து, பார்த்து, சிரித்துவிட்டுப் போய்விட்டான். திரும்ப மேலே கொண்டுபோகக் கோரான் விடவில்லை. லொபிக் கதவு திறக்கும்போதெல்லாம் இரத்தினவேல் மரத்துக்கும் காற்றுக்கும் இடையில் ஓடிப்போய் நின்றார்.

"பஸ்ஸில போவம்" என்றாள் இராஜேஸ்வரி.

கென்னடி பஸ் வந்து நின்று கதவு திறந்தது. இரத்தினவேலும் நீக்கிலாஸும் பீப்பாயைத் தூக்கினார்கள். டிரைவர் தொப்பியைப் பார்த்தான், ஜக்கற்றைப் பார்த்தான். "அவருக்கு உடம்புக்கு என்ன?" என்றான்.

"இது ஆள் இல்லை. மரம்" என்றார் இரத்தினவேல் ஆங்கிலத்தில். "டஸ்மேனியாவில் ஹோபாட் என்ற நகரத்துக்குப் பக்கத்தில்—"

"சேர், கதவை மூட வேண்டும். குளிர்."

மரம் நிமிர்ந்து நிற்க பஸ்ஸில் உயரம் போதவில்லை. சரித்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பீப்பாய் முன்னால், தண்டு இராஜேஸ்வரியின் மடியில், தொப்பி போட்ட உச்சி பின் சீற்றில் இருந்த ஒரு இத்தாலியக் கிழவியின் தோளில். கிழவி முதலில் திடுக்கிட்டாள். பிறகு மோந்து பார்த்தாள். பிறகு தொப்பியைத் தன் பக்கமாகச் சரியாக இழுத்துவைத்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். எல்ஸ்மியர் சந்தி தாண்டுமுன்னரே பஸ்ஸுக்குள் மூக்குறிஞ்சிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓய்ந்துபோயிருந்தார்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் இராஜேஸ்வரி "மெல்ல, மெல்ல" என்று டிரைவருக்குத் தமிழில் சொன்னாள். அவனும் மெல்லத்தான் ஓட்டினான். இறங்கும் இடம் வந்தபோது கிழவி மரத்தை விட மனமில்லாமல் விட்டாள். இரத்தினவேல் அவளுக்கு ஒரு சோடி இலையைக் கிள்ளிக் கொடுத்தார். நீக்கிலாஸ் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் கேட்காமலே இரத்தினவேல் முதன்முதலாகக் கொடுத்த இலை அது.

மில்லிக்கன் கூடத்தில் மரம் நிமிர்ந்து நின்றபோது அதன் உச்சிக்கும் கூரைக்கும் இடையில் இன்னொரு மரம் நிற்க இடமிருந்தது. அந்தப் பனிக்காலத்தில் சில இலைகள் கருகின. பிறகு புதுத்துளிர் விட்டது.

இலைகளைத் தேடிவருகிற சனம் மில்லிக்கனுக்கும் வந்தது. சச்சிதானந்தன் அவர்களை மரத்துக்கு முன்னால் நிறுத்தி, "றிஸ்டன் பெப்பர்மின்ற். உலகத்தில ஒரே ஒரு குன்றில மட்டும்தான் வளரும்" என்பார். பண்டாரவளை இனம் வேறு, இந்த இனம் வேறு என்று விளக்குவார். இதையெல்லாம் தனக்கு யாரும் சொல்லித்தந்ததாக அவர் காட்டிக்கொள்வதில்லை. பக்கத்தில் நிற்கும் இரத்தினவேலுக்கு முதலில் பொறுக்கவில்லை. "அது ஒரு குன்றில்லை மச்சான், கொஞ்சக் குன்றுகள்" என்று திருத்தினார். "சரி, கொஞ்சக் குன்றுகள்" என்றார் சச்சிதானந்தன். அவர் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுத்ததை இராஜேஸ்வரி அன்றைக்குத்தான் கண்டாள். இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சாப்பாடு போட உள்ளே போனாள்.

கோடையில் மரத்தைப் பின்வளவில் வெயிலுக்கு வைத்தார்கள். ஐப்பசியில் முதல் உறைபனி வரப்போகிறது என்று ரேடியோ சொன்ன ஞாயிறன்று, அதை உள்ளே எடுக்க வேண்டியிருந்தது. பீப்பாய் இப்போது இன்னும் பாரம். இரத்தினவேல் ஒரு பக்கம், சச்சிதானந்தன் மறுபக்கம். இருவரும் குனிந்து, மூச்சைப் பிடித்து, படியில் ஏற்றினார்கள்.

"உம்மட பக்கம் சரியுது" என்றார் சச்சிதானந்தன்.

"என்ர பக்கம் சரி. நீங்கள்தான் தூக்கேல்லை."

"நான் தூக்காமலே இவ்வளவு தூரம் வந்தது?"

"மச்சான், கதைக்காமல் தூக்குங்கோ. மூச்சுப் போகுது."

சச்சிதானந்தன் கதைக்காமல் தூக்கினார்.